இரும்புக்கையுடன் நந்தம்பாக்கத்தில்

மாநாடு என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கட்சி மாநாடு தெரியும். மாதர் சங்க மாநாடு தெரியும். கதைப் புத்தகம் படிப்பவர்களுக்கென்று ஒரு மாநாடு உண்டு, அதற்குக் கதையில் வரும் பாத்திரமாகவே வேடமிட்டுப் போகலாம் என்றால் யார்தான் உடனே நம்புவார்கள்? 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சென்னையில் முதன்முதலாக நடந்த 'காமிக் கான்' என்னும் சித்திரக்கதை இரசிகர் மாநாட்டுக்கு நாங்கள் அனுமதி கேட்டபோது, "எந்த சினிமா நடிகர் வருகிறார்?" என்றுதான் வீட்டில் கேட்டார்கள். "வேடம் போட்டுக்கொண்டு அத்தனை கூட்டத்தில் பெண்பிள்ளைகள் நிற்பதா?" என்பது இரண்டாவது கேள்வி. மூன்றாவது, விடுதிப் பொறுப்பாளரான அருட்சகோதரியிடமிருந்து வந்தது. அவ்வாண்டு திருநீற்றுப் புதன் பிப்ரவரி 14. "நெற்றிச் சாம்பல் அழிவதற்குள் கொண்டாட்டமா?" என்றார்.

இரண்டு நாள் மௌனத்துக்குப் பிறகு நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. சனிக்கிழமை மட்டும் மாநாடு. ஞாயிறு காலை பரங்கிமலையில் திருப்பலி. கடைகளில் ஒரு ரூபாயும் செலவழிக்கக் கூடாது, கைச்செலவுப் பணம் முழுவதும் தவக்கால உண்டியலுக்கு. மூன்றாவது நிபந்தனையைக் கேட்டு நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம் என்பதை மறைப்பானேன்!

இத்தகைய மாநாடு நேற்றுத் தோன்றியதன்று. 1939-ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க் நகரில் அறிவியல் புனைகதை வாசகர்கள் ஏறக்குறைய 200 பேர் கூடினர். அதற்கு எதிர்கால மனிதரைப்போல் உடையணிந்து இருவர் வந்தனர். அவர்களுள் ஒருவரான மிர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணிதான் இரண்டு உடைகளையும் தைத்தவர். இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் செய்யும் இந்த வேடக்கலைக்கு ஒரு பெண்ணின் ஊசியும் நூலும் தொடக்கம் என்பதில் எங்களுக்குப் பெருமை. 1970-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் சில நூறு பேருடன் தொடங்கிய மாநாட்டுக்கு இப்போது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். 1975 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய முதல் 'கொமிக்கெட்' சந்தைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் பள்ளி மாணவியர். தாங்களே வரைந்து அச்சிட்ட சிறு ஏடுகளை அங்கே விற்றார்கள். நம் ஊரில் ஒரு காலத்தில் நடந்த கையெழுத்துப் பத்திரிகை போன்றதுதான். இந்தியாவில் 2011 பிப்ரவரியில் தில்லி ஹாட் அங்காடியில் காமிக் கான் தொடங்கியது. அது சென்னை வந்து சேரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

எங்களுள் ஒருத்தி மட்டும் வேடமிடுவது என்று முடிவாயிற்று. எந்த வேடம்? அவளுடைய தாத்தா தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் முத்து காமிக்ஸ் நினைவுக்கு வந்தது. சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவந்த அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் 1962-இல் பிறந்த கதை அது. கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடுவான்; கை மட்டும் தெரியும். ஆகவே கையை மட்டும் செய்தால் போதும், மற்றதெல்லாம் மாயம்! எங்கள் கையிருப்புக்கு இதைவிடப் பொருத்தமான வீரன் கிடைப்பானா?

பழப்பெட்டி அட்டையை விரல் விரலாக வெட்டி, கணுக்களில் நூல் கோத்து, கொடைக்கானல் சாக்லேட் கடைகளில் சுற்றித் தரும் வெள்ளித்தாளை மேலே ஒட்டினோம். மைதாப் பசை மூன்று நாளாகியும் காயவில்லை. ஏழாயிரம் அடி உயரத்தில் பனியும் மூடுபனியும் சூழ்ந்தால் காற்று ஈரத்தை எங்கே வாங்கிக்கொள்ளும்? சமையற்கட்டு அடுப்போரம் வைத்துக் காயவைத்த பின்னரே கை கையாயிற்று. சமையல் அக்கா அதைப் பார்த்துச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

வெள்ளி இரவு கொடைரோட்டில் பாண்டியன் விரைவு வண்டி. கையில் புளிச்சாதம், மடியில் இரும்புக்கை. அருட்சகோதரியும் ஒரு தாயாரும் துணை. தாம்பரத்தில் இறங்கி மின்சார இரயிலில் பரங்கிமலை, அங்கிருந்து ஆட்டோவில் நந்தம்பாக்கம் வர்த்தக மையம்.

வாயிலில் உடைமைகளைச் சோதித்தார்கள். கத்தி, வாள் எதுவாயினும் அட்டையாகவோ நுரைத்தாளாகவோ இருக்க வேண்டும். உண்மை ஆயுதத்துக்கு இடமில்லை. நுழைவுச்சீட்டுக்கு ஒரு சித்திரக்கதை நூல் தந்தார்கள். உள்ளே சென்றதும் காது அடைத்தது. ஒருபுறம் மேடை, ஒருபுறம் விளையாட்டுக் கணினிகள், எங்கும் கடைகள். பொம்மையும் சட்டையும் விற்கும் கடைகளே அதிகம்; விலையைப் பார்த்து அருட்சகோதரி, "நிபந்தனை போட்டது நல்லதாயிற்று" என்று முணுமுணுத்தார்.

பணமில்லாமல் கடை வீதியில் நடப்பவர் என்ன செய்வார்? மனிதர்களிடம் பேசுவார். நாங்களும் அப்படியே ஓவியர்கள் வரிசையாக அமர்ந்திருந்த மேசைகளுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாநாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். ஓர் ஓவியப் பெண்மணி, ஒரு பக்கம் உருவாவதை விளக்கினார். முதலில் கதை, பிறகு எந்தக் கட்டத்தில் எது என்ற திட்டம், பென்சில் கோடு, மைக்கோடு, வண்ணம், கடைசியில் எழுத்து. "பேச்சுக் குமிழுக்கு முன்கூட்டியே இடம் விடாவிட்டால் நாயகியின் முகத்தின்மேல் வசனம் வந்து உட்காரும்" என்றார். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகுமாம். நாமோ அரை நிமிடத்தில் புரட்டிவிடுகிறோம்.

வேடமிட்டவர்களும் அப்படியே. கவசம் எதனால் ஆனது என்று கேட்டால் போதும், முகமூடியைக் கழற்றிவிட்டுப் பேசத் தொடங்கிவிடுவார்கள். செருப்பு அடிப்பாகத்துக்கும் குழந்தைகளின் தரைவிரிப்புக்கும் பயன்படும் ஈ.வி.ஏ. நுரைத்தாள்தான் பெரும்பாலும். அதை வெப்பக்காற்றால் சூடாக்கினால் வளையும். ஆறினால் அந்த வளைவிலேயே நிற்கும். நுண்துளைகள் வண்ணத்தைக் குடித்துவிடாமலிருக்க, நீர் கலந்த ஃபெவிகால் இரண்டு மூன்று பூச்சு. பாய்மரம்போல் சிறகு விரித்திருந்த ஒரு கல்லூரி மாணவி, தையலைத் தம் அம்மாவிடம் கற்றதாகச் சொன்னார். எங்களுடன் வந்த தாயார் அவரிடம் அரை மணி நேரம் மடிப்புத் தையல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்!

இனி அந்த இரண்டாவது கேள்வி. அஞ்சியது சிறிது நடக்கவும் செய்தது. ஒருவர் கேளாமலே எங்கள் தோழியின் அருகில் கைப்பேசியை நீட்டிப் படமெடுத்தார். அவள் இரும்புக்கையை உயர்த்தி, "கேட்டுவிட்டு எடுங்கள்" என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டுப் படத்தை அழித்தார். வேடமிட்டவர் பொதுச்சொத்தல்லர், படமெடுக்கவும், ஆடையைத் தொடவும் முதலில் கேட்க வேண்டும். இதற்காகவே 2014-இல் நியூயார்க் காமிக் கானில், வேடமணிவது சம்மதமாகாது என்னும் பொருள்பட அறிவிப்புப் பலகைகள் வைத்தார்கள். நம் மாணவியர் போவதானால் இந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பின் போவது நல்லது. தனியே போகாமல் குழுவாகப் போவதும், பிரிந்தால் கூடுமிடத்தை முன்பே குறித்துக்கொள்வதும் எங்களுக்கு உதவின.

எங்கள் மாயாவியை இளைஞர்கள் எவரும் அறிந்துகொள்ளவில்லை. ஆங்கிலப் படத்து வீரன் ஒருவனாகவே எண்ணினார்கள். பிற்பகலில், பேரனைக் கூட்டி வந்த நரைத்தலைப் பெரியவர் ஒருவர் சட்டென்று நின்றார். "இரும்புக்கை மாயாவிதானே? வாடகை நூல்நிலையத்தில் பத்துக் காசுக்குப் படித்தேன் அம்மா" என்று சொல்லி அந்த அட்டைக் கையைக் குலுக்கினார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. பேரனுக்குக் கதையைத் தோழியே சொன்னாள்.

சென்னை வெயிலில் மைதாப் பசை விரிந்து, மாலைக்குள் வெள்ளித்தாள் உரியத் தொடங்கியது. மறுநாள் தவக்கால முதல் ஞாயிறு. பரங்கிமலைப் படிகளில் ஏறித் திருப்பலி கண்டோம். மேலிருந்து முந்தைய நாள் கூடிய இடம் எதுவென்று தேடினோம். உண்டியலில் போட்ட தொகையை இங்கே எழுத அருட்சகோதரி அனுமதிக்கவில்லை.

இரும்புக்கை இப்போது எங்கள் நூலக அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சுண்டுவிரல் மட்டும் வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தில் தங்கிவிட்டது.