நாணயமும் கடனட்டையும்

நாணயம் என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. கையிலே புரளும் காசையும் அது குறிக்கும்; சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். வாங்கிய கடனைப் பேசிய தவணையில் திருப்பிக் கொடுப்பவரை நாணயமானவர் என்று நம் முன்னோர் மதித்தனர். இன்று வங்கியாளர் ஒருவருடைய கொடுகடன் வரலாறு என்று கூறுவது இந்த இரண்டாவது நாணயத்தையே. முன்னர் அஃது ஊராரின் நாவிலே இருந்தது. இப்போது கணினியிலே பதியப்படுகின்றது. வேறுபாடு அவ்வளவே.

நம் கிராமங்களிலே சில்லறைக் கடைக்காரர் ஒரு கொப்பி வைத்திருப்பார். அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் அதிலே எழுதப்படும். சம்பள நாளிலோ, வெங்காயமோ புகையிலையோ விற்ற நாளிலோ கணக்குத் தீர்க்கப்படும். எவர் வீட்டுக்கு எவ்வளவு தொகைவரை கொடுக்கலாம் என்பதைக் கடைக்காரர் எந்தச் சூத்திரமும் இல்லாமல் அறிந்திருந்தார். ஆயின் அந்த நற்பெயர் ஊர் எல்லையைத் தாண்டிச் செல்லாது. சாவகச்சேரியிலே நாணயமானவர் என்று பெயர் பெற்றவர் கொழும்பிலே வெறும் அந்நியரே. குடியேற்ற ஆட்சிக் காலத்திலே ஆங்கில வங்கிகள் உள்ளூர் மக்களுக்கு நேரே கடன் கொடுக்கப் பெரிதும் தயங்கின. சிராப் எனப்படும் இடையாளர் ஒருவரின் உத்தரவாதத்தை நாடின. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வங்கிகளிடம் பணம் பெற்று, கொழும்பு செட்டியார் தெருவிலிருந்து கூடிய வட்டிக்கு இந்நாட்டாருக்குக் கொடுத்தனர். 1934 ஆம் ஆண்டிலே அமைந்த வங்கி ஆணைக்குழு இக்குறையை ஆராய்ந்ததும், அதன் பயனாக 1939 இல் இலங்கை வங்கி தோன்றியதும் வரலாறு. அறிமுகமற்ற ஒருவரை எவ்வாறு நம்புவது என்பதே அன்றும் இன்றும் வினா.

அமெரிக்கர் இவ்வினாவுக்கு வேறொரு விடை கண்டனர். 1950 இல் நியூயோர்க்கிலே டைனர்ஸ் கிளப் என்னும் நிறுவனம் உணவகங்களிலே காட்டிக் கணக்கு வைப்பதற்கான அட்டையை வழங்கியது. 1958 இல் பாங்க் ஒப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரிலே, கேட்டவர் கேளாதவர் என்ற பேதமின்றி ஏறக்குறைய 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. பிற்காலத்திலே விசா எனப் பெயர்மாறியது அந்த அட்டையே. கேளாதவருக்குக் கடனை வீட்டுக்கே அனுப்பிவைத்தால் என்ன நிகழும் என்பதை ஊகிக்கப் பெரிய கல்வி வேண்டியதில்லை. பலர் பணத்தைத் திருப்பிச் செலுத்தவில்லை, வங்கிக்குப் பெருநட்டம் ஏற்பட்டது. 1956 இலேயே பெயர் என்னும் பொறியியலாளரும் ஐசக் என்னும் கணிதரும் சேர்ந்து, கடன் கேட்பவரின் நம்பகத்தைப் புள்ளிகளால் அளக்கும் முறையை உருவாக்கத் தொடங்கியிருந்தனர். கடைக்காரரின் மனக்கணக்கு இவ்வாறு எண்கணக்காயிற்று.

இலங்கையிலே இதற்கென ஒரு நிறுவனம் இருக்கின்றது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகமே அது. பொதுமக்கள் 'கிறிப்' என்று கூறுவது இதனையே. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன்கள், அவற்றின் நிலுவை, தவணை தவறிய விவரம் ஆகியவற்றை இப்பணியகத்துக்கு அறிவிக்கின்றன. ஒருவர் புதிதாகக் கடன் கேட்கும்போது வங்கி இவ்வறிக்கையைப் பெற்றுப் பார்க்கின்றது.

இதனைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. 'கிறிப்பிலே பெயர் விழுந்துவிட்டது' என்று, ஏதோ குற்றவாளிகளின் பட்டியலிலே சேர்ந்துவிட்டதைப் போலப் பேசுகின்றனர். உண்மை அதுவன்று. வங்கிக் கடன் பெற்ற அனைவரின் பெயரும் அங்கே உண்டு. ஒழுங்காகச் செலுத்தியவரின் வரலாறும் உண்டு. பணியகம் எவருக்கும் கடன் மறுப்பதில்லை. மறுப்பதும் கொடுப்பதும் வங்கியின் தீர்மானம். சொல்லப்போனால், எக்காலத்திலும் கடன் பெறாதவரே வங்கியாளருக்குப் புதிராக நிற்கின்றார். முப்பது ஆண்டு ஒருவருக்கும் ஒரு சதமும் கடன்படாமல் வாழ்ந்தவர், மகளின் கல்விக்கென முதன்முதல் வங்கிக்குப் போகும்போது, அவருடைய நேர்மைக்கு ஏட்டிலே ஒரு வரிகூட இல்லை. இது நியாயமோ என்று கேட்டால், நியாயமன்று என்றே யான் சொல்வேன். ஆயினும் நடைமுறை அவ்வாறு இருக்கின்றது.

அந்த ஒரு வரியை எழுதுவதற்குக் கடனட்டை எளிய கருவியாகும்; தவறாகக் கையாண்டால் அதுவே அழிப்பதற்கும் எளிய கருவி. வங்கிக் கணக்கிலுள்ள நம் சொந்தப் பணத்தை எடுக்க உதவும் பற்று அட்டை வேறு, கடனட்டை வேறு என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். பற்று அட்டையை எத்தனை ஆண்டு பயன்படுத்தினும் அது கொடுகடன் வரலாறாகாது. அங்கே கடன் என்பதே இல்லை அல்லவா?

கடனட்டையின் உள்ளோட்டத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மாதந்தோறும் ஒரு நாளிலே வங்கி கணக்கை மூடிக் கூற்று அனுப்பும். அந்த நாள் 10 ஆம் திகதி என்றும், பணம் செலுத்த மேலும் 20 நாள் தவணை உண்டென்றும் கொள்வோம். 11 ஆம் திகதி வாங்கிய பொருள் அடுத்த மாதக் கூற்றிலேதான் வரும். ஆகவே அதற்கு ஏறக்குறைய 50 நாள் கிடைக்கும். 9 ஆம் திகதி வாங்கியதற்குக் கிடைப்பது 21 நாளே. விளம்பரத்திலே பெரிய எழுத்தில் வரும் நாட்கணக்கு முதல்வகைக்கு உரியது. முழுத் தொகையையும் தவணைக்குள் செலுத்துபவருக்கு வட்டி இல்லை. ஒரு பகுதியை நிறுத்திவைத்தால் அந்தச் சலுகை அற்றுப்போகும். பொதுவாகப் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். அட்டையைக் கொண்டு காசாக எடுத்தாலோ, சலுகை நாள் ஒன்றுமே இல்லை. கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்து வட்டியும் உண்டு.

கூற்றின் மூலையிலே 'குறைந்தபட்சக் கொடுப்பனவு' என்றொரு சிறு தொகை காணப்படும். இதுவே பலரைக் கவிழ்க்கும் இடம். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டி ஆண்டுக்கு 28 வீதத்துக்கு மேற்படலாகாது என்று கட்டளையிட்டது. அந்த வீதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 1,00,000 ரூபா நிலுவை வைத்திருக்கின்றார். இனி ஒரு பொருளும் வாங்குவதில்லை. மாதந்தோறும் நிலுவையில் 5 வீதம் மட்டும் செலுத்துகின்றார். ஓராண்டு முடிவிலே அவர் ஏறக்குறைய 52,800 ரூபா செலுத்தியிருப்பார். கடனோ இன்னும் 71,000 ரூபாவுக்கு மேல் நிற்கும். இரண்டாண்டு சென்றாலும் பாதிக்கடன் அப்படியே இருக்கும். அவரே நிலுவை குறையக் குறையத் தவணையையும் குறைத்துக்கொள்ளாமல், மாதம் 5,000 ரூபா என்று உறுதியாகச் செலுத்திவந்தால் 28 மாதங்களிலே கடன் முற்றாகத் தீர்ந்துவிடும். உயர்தர வகுப்பு மாணவருக்கு இக்கணக்கைக் கரும்பலகையிலே செய்து காட்டலாம். கூட்டுவட்டிப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இனி, எந்த அட்டையைத் தெரிவது? முழுத்தொகையையும் தவறாது செலுத்தும் இயல்புடையவர் வட்டி வீதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆண்டுக் கட்டணம் குறைந்ததைப் பார்த்தாற் போதும். வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுபவர் வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் முதலில் விசாரிக்க வேண்டும். வெளிநாட்டிலே படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம் செலுத்துவோர் நாணயமாற்றின்மீது வங்கி சேர்க்கும் மேலதிக வீதத்தைக் கேட்டறிக. பிள்ளைக்கோ துணைவருக்கோ துணை அட்டை எடுத்துக் கொடுத்தால், அதன் கடனும் முதன்மை அட்டைதாரரின் தலையிலேயே விழும். பரிசுப் புள்ளிகள், விமான நிலைய ஓய்வறை முதலியவற்றைப் பற்றி யான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் விமானம் ஏறாதவருக்கு ஓய்வறை எதற்கு? அனுமதித்த எல்லை முழுவதையும் மாதந்தோறும் தொட்டுநிற்பதும், ஒரே காலத்தில் பல வங்கிகளுக்கு விண்ணப்பிப்பதும் பணமுடையின் அறிகுறியாகவே கடன் கொடுப்போரால் கொள்ளப்படும்.

மாதச் சம்பளம் இல்லாதவர் என்செய்வது? நிலையான வைப்பொன்றை ஈடாக வைத்து அட்டை வழங்கும் வங்கிகள் உள்ளன. சிறு வைப்பு, சிறு எல்லை, மின்சாரக் கட்டணம் போன்ற ஒரு செலவு, மாதந்தோறும் முழுக்கொடுப்பனவு. இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும்.

வடபகுதிப் பெண்களுக்கு இது சிறப்பாகப் பொருந்தும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சீதனக் காணியையேனும் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது என்று 1911 இல் இயற்றப்பட்ட யாழ்ப்பாண விவாகவுரிமை, முதுரிமைச் சட்டம் விதித்தது. காணியை ஈடுவைக்க இயலாத பெண்ணுக்குத் தன் பெயரிலே ஒழுங்கான கடன் வரலாறு இருப்பது காணிக்கு நிகரான சொத்து. 2009 இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் வீடுவீடாகச் சென்றன. ஒரே பெண் மூன்று நான்கு இடங்களிலே கடன்பட்டு, ஒன்றைத் தீர்க்க மற்றொன்றை வாங்கிய துயரம் நாம் அறியாததன்று. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கம் அறிவிக்கும் நிலை வந்தது. ஒரு நிறுவனம் கொடுத்தது மற்றொன்றுக்குத் தெரியாத இடத்திலே, மிதமிஞ்சிய கடனைத் தடுப்பார் எவருமில்லை.

சிறு வியாபாரம் செய்வோர் வீட்டுக் கணக்கையும் கடைக் கணக்கையும் ஒரே பெட்டியிலே வைத்திருப்பர். வங்கியாளரின் கண்ணுக்கு அந்த வியாபாரம் தோன்றுவதே இல்லை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்திலே பதிந்து, அப்பெயரில் நடைமுறைக் கணக்கொன்று திறந்து, நாள் விற்பனையை அதிலே இட்டுவந்தால் ஓரிரு ஆண்டிலே அந்தக் கணக்கேடே சாட்சி சொல்லும். பணமில்லாத கணக்குக்குக் காசோலை எழுதலாகாது. 'அடுத்த வாரம் போடுங்கள், காசு வந்துவிடும்' என்று முன்திகதியிட்டுக் கொடுத்துத் திரும்பிய காசோலைகள் எத்தனையோ நல்ல கடைகளின் பெயரைக் கெடுத்திருக்கின்றன.

இறுதியாகப் பிணை நிற்றல். அரசாங்க ஊழியர் இருவரின் கையொப்பம் வேண்டும் என்று வங்கிகள் கேட்பதனால், எங்கள் ஆசிரியர் அறைகளிலே இது நாள்தோறும் நிகழ்வது. சம்பள விவரத்தை உறுதிப்படுத்தும் பத்திரங்கள் அதிபரின் மேசைக்கு வருவதால் இதனை அருகிருந்து காணும் வாய்ப்பு எனக்குண்டு. 'ஒரு கையெழுத்துத்தானே, ரீச்சர்' என்று கேட்பார்கள். மறுக்க முகம் வராது. அந்தக் கையெழுத்து பிணையாளியின் அறிக்கையிலும் பதியப்படும். கடனாளி தவறினால் பொறுப்பு பிணையாளியை நாடி வரும். தவறாவிட்டாலும், அவர் தமக்கென வீட்டுக்கடன் கேட்கும்போது அந்தப் பொறுப்பும் கணக்கில் எடுக்கப்படலாம். ஓர் ஆசிரியை தாம் ஒரு சதமும் பெறாத கடன் ஒன்றினால் தமது விண்ணப்பம் திரும்பியபோதுதான், ஐந்தாண்டுக்கு முன் இட்ட கையொப்பத்தை நினைவுகூர்ந்தார். கடன் பெற்றவர் அதற்குள் வேறு மாகாணத்துக்கு மாற்றமாகிப் போய்விட்டார்.

ஆகையால் பிணை நின்றவர்கள் கடனின் நிலையை ஆண்டுக்கொருமுறை வங்கியிடமே கேட்டறிய வேண்டும். கடன் தீர்ந்ததும் பிணை விடுவிக்கப்பட்டமைக்குக் கடிதம் பெற்றுப் பத்திரப்படுத்துக. தத்தமது அறிக்கையின் பிரதியைக் கட்டணம் செலுத்தி எவரும் பெறலாம். அதிலே தீர்ந்த கடன் தீராததாகக் காணப்பட்டால், அத்தகவலைக் கொடுத்த வங்கிக்கும் பணியகத்துக்கும் எழுத்துமூலம் அறிவித்துத் திருத்தம் கோரலாம். அவ்வேளையிலே அந்தக் கடிதம் கையில் இருப்பவருக்கு வேலை எளிது.