'ஆஃப் தி சார்ட்ஸ்': அளவுகோலைக் கடக்கும் எண்கள் உணர்த்துவது என்ன?

புது தில்லி: வெப்பம், மழை, பங்குச் சந்தை, காற்று மாசு என எதிலும் இதுவரை காணாத எண் பதிவாகும்போது, 'ஆஃப் தி சார்ட்ஸ்' என்ற ஆங்கிலத் தொடர் செய்திகளில் இடம்பெறுகிறது. 'வரைபடத்துக்கு வெளியே சென்றுவிட்டது' என்பது இதன் நேர்ப்பொருள். பெரும்பாலும் மிகைப்படுத்தலாகவே கையாளப்படும் இத்தொடர், தில்லியின் காற்று விஷயத்தில் ஏறக்குறைய உண்மையாகவே பொருந்துகிறது.

கடந்த 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிமுகப்படுத்தப்பட்ட தேசிய காற்றுத் தரக் குறியீடு 0 முதல் 500 வரையிலானது. பிஎம் 2.5, பிஎம் 10, ஓசோன் உள்ளிட்ட 8 மாசுப் பொருள்கள் இதில் கணக்கிடப்படுகின்றன. அவற்றில் எதன் துணைக் குறியீடு அதிகமோ, அதுவே அப்பகுதியின் குறியீடாகும். 50 வரை 'நல்லது', 401 முதல் 500 வரை 'கடுமை' என 6 பிரிவுகள் உள்ளன. 500-க்கு மேல் எண் இல்லை. மாசு எவ்வளவு உயர்ந்தாலும் குறியீடு அங்கேயே நின்றுவிடும்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி தில்லியின் 24 மணி நேர சராசரிக் குறியீடு 494 எனப் பதிவானது. சில கண்காணிப்பு நிலையங்கள் உச்ச வரம்பான 500-ஐத் தொட்டன. ஆனால், வேறு கணக்கீட்டு முறையைப் பின்பற்றும் தனியார் செயலிகளில் 1,000-ஐத் தாண்டிய எண்கள் வெளியாகி, மக்களிடையே குழப்பம் ஏற்பட்டது.

'கடுமை' பிரிவிலுள்ள காற்று ஆரோக்கியமானவர்களையும் பாதிக்கும். நோயாளிகளுக்குப் பெரும் கேடு விளைவிக்கும். எனவே, அதற்கு மேல் தனிப் பிரிவு தேவையில்லை என்பது வரம்புக்கு ஆதரவான வாதம். எனினும், 500 என்று காட்டும் இரு நாள்களில் எது மேலும் மோசமானது என்பதைக் குறியீட்டை மட்டும் கொண்டு அறிய இயலாது. இத்தகைய நேரங்களில், ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் உள்ளது என்ற அளவையே பார்க்க வேண்டும். பிஎம் 2.5-க்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை 15 மைக்ரோகிராம் மட்டுமே.

'ஆல் டைம் ஹை' என்ற தொடரின் பொருள் வேறு. அளவுகோலுக்குள் முந்தைய உச்சம் முறியடிக்கப்படுவதையே அது குறிக்கும். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19-இல் பதிவான 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் அவ்வகை.

வழக்கத்துக்கு மாறான எண் அனைத்தும் சாதனையாகிவிடாது. தில்லியின் முங்கேஷ்பூரில் 2024 மே 29-இல் 52.9 டிகிரி பதிவானதாகத் தகவல் வெளியானது. ஆய்வு செய்த இந்திய வானிலை ஆய்வு மையம், அங்குள்ள உணரி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதைக் கண்டறிந்தது.

ஆகவே, அளவுகோலின் உச்ச வரம்பு என்ன, கருவி சரியாக இயங்கியதா என்ற இரு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே இத்தொடரைக் கையாள்வது பொருத்தமாகும்.