இரண்டு தலை, ஒரே ஒலி

நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு பார், அதாவது இசைத்தாளில் இரு கோடுகளுக்கு இடையிலான ஒரு பகுதி. அதன் நான்காவது எண்ணிக்கையில் எஃப் ஷார்ப் என்ற சுரம் தொடங்கி இரண்டு எண்ணிக்கை ஒலிக்க வேண்டும். பாரில் மிச்சம் இருப்பதோ ஓர் எண்ணிக்கைதான். எனவே மேற்கத்திய இசைத்தாளில் அந்த ஒரே ஒலியை இரண்டு நோட்டுகளாக்கி, பாரைப் பிரிக்கும் கோட்டின் இருபுறமும் எழுதி, சின்ன வளைவால் இணைக்கிறார்கள். அந்த வளைவுக்கு டை என்று பெயர். இரண்டாவது நோட்டை மறுபடி தட்டக் கூடாது. நம் கர்நாடக இசையின் கார்வையைப் போலப் பிடித்தபடியே நிற்க வேண்டும். (வெவ்வேறு சுரங்களைச் சேர்க்கும் ஸ்லரும் பார்வைக்கு இதே வளைவுதான். புதிதாகப் படிப்பவர் திணறுவது இதனால்தான்.)

இசைக்குறிப்பு மென்பொருள், நாம் எதுவும் சொல்லாதபோது, டை போட்ட நோட்டுகளை ஒன்றாக எண்ணவேண்டுமா, இரண்டாகவா? காதுக்கு ஒன்றென்றால் மென்பொருளுக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பது என் கட்சி. 2016-இல் வந்த டோரிகோ அப்படித்தான் எண்ணுகிறது: அழுத்தக் குறி இட்டால் முதல் நோட்டின் தலையில் விழும், சுருக்கி ஒலிக்கச் சொல்லும் ஸ்டகாட்டோப் புள்ளி கடைசி நோட்டின் தலைக்குப் போகும். தாள அளவை நான்கிலிருந்து மூன்றாக மாற்றினால் கோடுகள் இடம் மாறும். பழைய டை மறைந்து வேறிடத்தில் முளைக்கும். டை இசையில் இல்லை, கோட்டால் வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இரண்டு கால் நோட்டுகளாகவே தெரியவேண்டும் என்று விரும்புபவர் அதைத் தனியே வற்புறுத்திச் சொல்லவும் அதில் வழி உண்டு.

லில்லிபாண்ட் என்ற இன்னொரு மென்பொருளிலும் டை போட்ட இரண்டாம் நோட்டுக்குப் பாடல் வரியின் அடுத்த அசை நகராது, ஷார்ப் குறியும் திரும்ப வராது. ஆனால் அந்த நோட்டு இசைத்தாளின் புது வரியின் தொடக்கத்தில் விழுந்தால் ஷார்ப்பை மறுபடி அச்சிடும். முரண் அல்லவா என்று கேட்கலாம். இல்லை, முந்தைய வரியின் ஓரத்தை விட்டு வந்த கண்ணுக்கு அது ஒரு நினைவூட்டல், அவ்வளவே. இன்னொரு கேள்வி கனமானது: கோட்டைத் தாண்டும் நீண்ட நோட்டை லில்லிபாண்ட் தானாக உடைத்து டை போடுவதில்லையே? அங்கே இசையை எழுத்தாகத் தட்டுகிறோம். அளவுக்கு மீறிய நோட்டு பெரும்பாலும் விரல் தவறுதான். சத்தமில்லாமல் டை போட்டு மூடினால், பின்னால் வருவதெல்லாம் நகர்ந்துபோகும். பார் முடிவில் ஒரு செங்குத்துக் கோடு தட்டி வைத்தால், கணக்கு இடிக்கும் இடத்தில் எச்சரிக்கை வரும். நோட்டு விழுவதைத் திரையில் உடனே காட்டும் மியூஸ்கோர் போன்ற மென்பொருளில் தானாக உடைப்பது சரி. லில்லிபாண்டில் எழுதுபவரே டை போடுவதுதான் சரி.