கூடோ தெரிஞ்சா மத்திய அரசு வேலையா? ஜவ்வாது மலை மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

கராத்தே மாதிரி குத்தலாம், உதைக்கலாம். ஜூடோ மாதிரி சட்டையைப் பிடித்துத் தூக்கிப் போடலாம். தரையில் விழுந்த பிறகும் பிடி போடலாம். இதுதான் கூடோ. பலருக்கும் புதிய பெயர். ஆனால், மத்திய அரசு வேலைக்கான விளையாட்டுப் பட்டியலில் 2020 செப்டம்பரில் 20 விளையாட்டுகள் சேர்க்கப்பட்டபோது, மல்லர்கம்பம், கயிறு இழுத்தலோடு கூடோவும் இடம்பிடித்தது.

எங்கிருந்து வந்தது?

1981-ல் ஜப்பானின் செண்டாய் நகரில் தகாஷி அசுமா தொடங்கிய பயிற்சிக்கூடத்தில் உருவானது. அவர் கியோகுஷின் கராத்தே சாம்பியன். அந்தப் போட்டியில் முகத்தில் கையால் குத்தக் கூடாது. நிஜ சண்டையில் முதல் அடியே முகத்தில்தானே விழும்? அதனால் கண்ணாடி போன்ற மறைப்பு கொண்ட தலைக்கவசத்தை மாட்டிவிட்டு, முகத்தில் குத்த அனுமதித்தார்.

போட்டி எப்படி?

ஒரு சுற்று 3 நிமிடம். தரைச் சண்டைக்கு 30 நொடி, அதுவும் 2 முறைதான். அதற்குள் மடக்க முடியலைன்னா நடுவர் எழுப்பிவிடுவார். அடியின் வலுவைப் பொறுத்து 1, 2, 4, 8 புள்ளிகள். 8 எடுத்தால் ஆட்டம் முடிந்தது. எடையை மட்டும் வைத்துப் பிரிவு கிடையாது, உயரத்தையும் கூட்டுவார்கள். 165 செ.மீ., 60 கிலோ என்றால் 225.

வேலை கிடைக்குமா?

நேரடி நியமனத்தில் குரூப் 'சி' பணியிடங்களில் அதிகபட்சம் 5% வரை விளையாட்டு வீரர்களை எடுக்கலாம். வயது வரம்பில் 5 ஆண்டு வரை சலுகை உண்டு, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 10 ஆண்டு. ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளி மக்கள் எஸ்.டி. பட்டியலில் இருப்பதால், அவர்களுக்கு இந்த 10 ஆண்டு பொருந்தும்.

சிக்கல் சான்றிதழில்தான். பிளாக் பெல்ட், மாவட்டப் பதக்கம் எல்லாம் இங்கே செல்லாது. மாநிலத்துக்காக தேசியப் போட்டியிலோ, நாட்டுக்காக சர்வதேசப் போட்டியிலோ ஆடியிருப்பது தகுதிகளில் ஒன்று. மாநில அணியில் ஆடியவர் என்றால், மாநில சங்கச் செயலாளர் கையெழுத்திட்ட 'படிவம் 2' தேவை.

தமிழக அரசு வேலைக்கான 3% விளையாட்டு ஒதுக்கீடு தனி. அதற்கான பட்டியலும் விதிகளும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஜமுனாமரத்தூரிலிருந்து மலை இறங்கி பயிற்சிக்குப் போய் வரவே பஸ் செலவு இருக்கிறது. கட்டணம் கட்டும் முன், 'உங்கள் சங்கம் மாநில அணியை தேசியப் போட்டிக்கு அனுப்புதா, படிவம் 2 தருமா?' என்று பயிற்சியாளரிடம் நேராகவே கேட்டுவிடலாம்.