வெண்ணிறப் பாவாடையும் எரிவாயு விளக்கும்

பாரிஸ் நகரின் ஏழாம் இலக்க மெட்ரோவில் ஒபேரா நிலையத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் இரண்டாவதாகக் காணும் நிலையம் லு பெலத்தியே. வேலைக்கென அவ்வழியே நாள்தோறும் போய்வரும் எம்மவர் பலருண்டு. அந்நிலையத்தின் பெயர் கொண்ட வீதியில் 1821 முதல் 1873 வரை பாரிஸ் ஒபேராவின் அரங்கு இயங்கியது. பலே நடனம் என்றதும் இன்று எவர் மனத்திலும் தோன்றும் வெண்ணிறப் பாவாடையும், கால்விரல் நுனியில் எழும் பெண்ணும், நிலவொளியும் ஒன்றுசேர்ந்தது அந்த அரங்கிலேதான். அப்பாவாடைக்குத் தன் உயிரையே விலையாகக் கொடுத்த ஓர் இளம் பெண் ஆடியதும் அங்கேதான்.

1832 மார்ச் 12 ஆம் திகதி அங்கு 'லா சில்பீத்' என்ற நாட்டிய நாடகம் அரங்கேறியது. ஸ்கொட்லாந்து இளைஞன் ஒருவன் தன் திருமண நாளிலே காற்றில் வாழும் அணங்கொன்றின் பின்னே சென்று, கையெட்டிய வேளையில் அதனையும் இழக்கும் கதை. அணங்காக ஆடியவர் மரீ தக்லியோனி. சுவீடனின் தலைநகரிற் பிறந்து, இத்தாலியரான தந்தை பிலிப்போவின் கடும் பயிற்சியில் வளர்ந்தவர். நாடகத்தை அமைத்தவரும் அத்தந்தையே. ஓவியர் எழேன் லாமி வரைந்ததாகக் கூறப்படும் உடை எளிமையானது: இறுக்கமான மேற்சட்டை, முழங்காலுக்குக் கீழே மணிபோல விரியும் மெல்லிய பல அடுக்குப் பாவாடை, முதுகிலே சிறு இறகுகள், தலையில் மலர் வளையம். காலணியோ பட்டாலான மென்மையான செருப்பு. இன்றுள்ளது போன்ற கடினமான முனை அதற்கு இல்லை. நுனியை நூலால் இழையிட்டு உறுதிசெய்வர். எஞ்சிய பாரத்தை விரல்களே தாங்கின.

பாரமற்ற தோற்றம் பயிற்சியால் மட்டும் வந்ததன்று. இங்கிலாந்தின் ஜோன் ஹீத்கோட் 1809 இல் காப்புரிமை பெற்ற வலைத்துணிப் பொறி, கையால் நாட்கணக்கில் முடையப்பட்ட துணியை மலிவாக்கியது. கஞ்சியிட்ட மெல்லிய பருத்தித் துணியான தார்லத்தானும் தாராளமாகக் கிடைத்தது. இவற்றை அடுக்கிய பாவாடை ஆடுபவர் நின்ற பின்னரும் சற்று நேரம் அசைந்துகொண்டிருக்கும். 1822 முதல் அவ்வரங்கில் எரிவாயு விளக்கு இருந்தமையால் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. மங்கிய நீல ஒளியில் வெள்ளைத் துணி தானே ஒளிர்வது போலத் தெரியும். ஆவியுலகத்தை ஆக்கிக் கொடுத்தவை தறியும் வாயுக்குழாயுமே.

மேடையிலிருந்து அந்த வெண்மை வீதிக்கும் இறங்கியது. 'லா சில்பீத்' என்ற பெயரிலேயே பாரிஸில் ஒரு நவநாகரிகச் சஞ்சிகை வெளிவந்தது. 1841 இல் 'ஜிசெல்' நாடகத்தின் கதையை எழுதியோரில் ஒருவரான விமர்சகர் தியோபில் கோத்தியே, மேடையெங்கும் வெள்ளைத் துணி பெருகிவிட்டதென எள்ளி நகைத்தார். அவருடைய நாடகமும் அதே வெண்மையையே நம்பியிருந்தது!

காற்றை உள்ளடக்கிய மெல்லிய பருத்தி, நெருப்புக்கு அடுப்பிலிட்ட பஞ்சு போன்றது. 1844 டிசெம்பர் 14 ஆம் திகதி லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்ரரின் பாவாடை மேடை விளக்கிற் பட்டது. அதே துணியை அணிந்திருந்த ஏனைய நடனப் பெண்கள் அஞ்சி விலக, மேடைத் தொழிலாளி ஒருவரே அவர்மீது பாய்ந்து தீயை அணைத்தார். மூன்று நாட்களின் பின் அவர் இறந்தார். 1861 இல் பிலடெல்பியாவில் நிகழ்ந்த விபத்தில் குறைந்தது ஆறு நடனப் பெண்கள் மாண்டனர். வீடுகளிலும் இதே கதிதான். அமெரிக்கக் கவிஞர் லோங்பெலோவின் மனைவி அதே ஆண்டில் உடை தீப்பற்றியே உயிரிழந்தார்.

காப்பு வழி இல்லாமலில்லை. கார்த்தரோன் என்பவர் துணியைத் தீப்பற்றாதவாறு கரைசலில் தோய்க்கும் முறையொன்றைக் கண்டார். 1859 இல் பிரெஞ்சு அரசு அதனை அரங்குகளுக்குக் கட்டாயமாக்கியது. ஆனால் தோய்த்த துணி விறைத்து, வெண்மை மங்கிவிடும். எம்மா லிவ்ரி அதனை அணிய மறுத்தார். பதினாறு வயதில் 'லா சில்பீத்'தில் அறிமுகமாகி, தக்லியோனியே முதுமையில் பாரிஸுக்கு வந்து பயிற்றிய பெண் அவர். வழக்கமான பாவாடையிலேயே ஆடுவேன், விளைவு என் பொறுப்பு என்று 1860 இல் இயக்குநருக்கு எழுத்திற் கொடுத்தார். அவ்வாண்டு தக்லியோனி அவருக்கென அமைத்த 'லு பப்பிய்யோன்' நாடகத்திலே வண்ணத்துப்பூச்சியாகிய நாயகியின் இறகுகள் தீப்பந்தத்திற் கருகுகின்றன.

1862 நவம்பர் 15 ஆம் திகதி ஓபேயரின் 'போர்த்திச்சியின் ஊமைப்பெண்' ஒத்திகை. (1830 இல் பிரசெல்ஸில் இது மேடையேறிய இரவிலேதான் பெல்ஜியப் புரட்சி வெடித்தது.) ஊமைப்பெண்ணாக நடிக்கவிருந்த லிவ்ரி மேடை மறைவில் காத்திருந்தார். பாவாடை கசங்காதிருக்க அதனை உயர்த்தி விரித்தபோது எழுந்த காற்றில் அருகிருந்த வாயுச் சுடர் துணியைப் பற்றியது. எரிந்தவாறே அவர் மேடையில் ஓடினார். தீயணைப்பாளர் ஒருவர் போர்வையாற் சுற்றி அணைத்தபோது உடலின் பெரும்பகுதி வெந்திருந்தது. எட்டு மாத வேதனையின் பின் 1863 ஜூலை 26 ஆம் திகதி இறந்தார். வயது இருபது. படுக்கையிற் கிடந்தபோதும், காப்புத் துணி அழகற்றது, மீண்டாலும் அணியேன் என்றாராம்.

இதனைப் பெண்ணின் வீண்பகட்டு என்று எழுதியோர் உண்டு. நாம் அதனை ஏற்கவில்லை. 1831 இல் இயக்குநர் வெரோன் நடனப் பெண்களின் கூடத்தைச் செல்வந்தச் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்ட அரங்கு அது. அங்கே தோற்றமே பிழைப்பு. லிவ்ரியின் தாயும் அதே மேடையில் ஆடியவர். தந்தை ஒரு பிரபு, தாயை மணந்தவரல்லர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு மங்கிய பாவாடை என்றால் என்னவென்று, பார்வையாளர் இருக்கையிலிருந்து தீர்ப்புச் சொல்வது எளிது. ஒரு பெண்ணின் கையொப்பத்தைப் பெற்றுக்கொண்டு, அரசாணையை ஒதுக்கிவைத்த நிர்வாகத்தையல்லவா முதலிற் கேட்கவேண்டும்?

லு பெலத்தியே அரங்கும் 1873 ஒக்டோபர் 28 ஆம் திகதி இரவு மூண்ட தீயில் அழிந்தது. லிவ்ரியின் உடையில் தீ தின்றது போக மிஞ்சிய துணித்துண்டுகள் மட்டும் ஒபேரா நிலையத்தின் எதிரே நிற்கும் கார்னியே மாளிகையின் நூலக அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றன.