கைப்பேசி ‘அப்டேட்’ கேட்பது ஏன்? ஒரு திருத்தம் நம் கைக்கு வந்து சேரும் வழி

கைப்பேசித் திரையில் ‘அப்டேட்’ அறிவிப்பு வந்தால், நம்மில் பலர் ‘பிறகு’ என்பதைத் தொட்டுத் தள்ளிவிடுகிறோம். டேட்டா தீர்ந்துவிடும், நேரம் பிடிக்கும் என்று காரணங்கள் பல. ஆனால், அந்த அறிவிப்புக்குப் பின்னால் பலர் கைமாறி வந்த ஒரு வேலை இருக்கிறது.

ஆண்டிராய்டு கைப்பேசிகளின் அடித்தளம் லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய இந்த மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். இதைத்தான் திறந்த மூல மென்பொருள் என்கிறோம்.

திருத்தம் நடக்கும் முறை

பிழையைக் கண்டவர், எந்தப் பதிப்பில், என்ன செய்தபோது அது வந்தது என்று எழுதி அனுப்புகிறார். ஒருவர் அதற்குத் திருத்தம் எழுதுகிறார். அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் அதைச் சரிபார்க்கிறார். எழுதியவரும் ஏற்றுக்கொண்டு அனுப்பியவரும் தங்கள் பெயரைப் பதிய வேண்டும். எந்தப் பழைய மாற்றத்தால் பிழை வந்தது என்பதையும் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். இத்தனையும் ‘கிட்’ என்ற பதிவேட்டில் நிலைத்திருக்கும். இதையும் 2005-இல் உருவாக்கியவர் லினஸ்தான்.

லினக்ஸின் புதிய பதிப்பு 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. அதுவரை காத்திருக்க முடியாத திருத்தங்கள், பயன்பாட்டில் உள்ள பழைய பதிப்புகளிலும் சேர்க்கப்படும். அதற்கு விதிகள் கடுமை. திருத்தம் முதலில் லினஸின் மூலப்பதிப்பில் சேர்ந்திருக்க வேண்டும்; சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்; 100 வரிகளைத் தாண்டக்கூடாது.

11 ஆண்டுக் கதை

‘டர்ட்டி கவ்’ என்ற ஓட்டை இதற்கு நல்ல உதாரணம். கோயில் கணக்குப் புத்தகத்தை யாரும் படிக்கலாம். கிறுக்க நினைப்பவருக்கு மட்டும் நகல் எடுத்துக் கொடுப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸும் அப்படித்தான் செய்கிறது. ஆனால், நகல் கைமாறும் நொடியில் ஒருவர் அசல் புத்தகத்திலேயே எழுதிவிட வழி இருந்தது. அதன் மூலம் சாதாரணப் பயனர் ஒருவர் முழுக் கணினியையும் தன் வசமாக்க முடியும்.

இந்தப் பிழையை லினஸ் 2005-லேயே திருத்த முயன்றார். ஐபிஎம் பெருங்கணினி வகை ஒன்றில் அந்தத் திருத்தம் சிக்கல் தந்ததால், அது விலக்கப்பட்டது. 2016-இல் ஃபில் ஓஸ்டர் என்பவர், சர்வர் ஒன்றைத் தாக்க வந்த நிரலைப் பிடித்து ஆராய்ந்தபோது இந்த ஓட்டை அம்பலமானது. பழைய முயற்சி ஏன் கைவிடப்பட்டது என்பது பதிவேட்டில் இருந்ததால், இம்முறை அந்தச் சிக்கலையும் கணக்கில் எடுத்துத் திருத்த முடிந்தது. 2016 அக்டோபர் 20-ஆம் தேதி திருத்திய பதிப்புகள் வெளியாயின.

கைப்பேசிக்கு வர ஏன் தாமதம்?

லினக்ஸில் திருத்தம் வந்த உடனே நம் கைப்பேசி சரியாகிவிடாது. கூகுள் அதை எடுக்க வேண்டும். பிறகு கைப்பேசி நிறுவனம் தன் ஒவ்வொரு மாடலுக்கும் தயாரிக்க வேண்டும். கடைசியில் நாம் ‘சரி’ என்று தொட வேண்டும். டர்ட்டி கவ் திருத்தம் கூகுளின் 2016 டிசம்பர் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது.

2017 செப்டம்பரில், இதே ஓட்டை வழியாக ஆண்டிராய்டு கைப்பேசிகளைத் தாக்கும் தீய செயலிகள் 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருப்பதை டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் கண்டறிந்தது. மருந்து வந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியும், அது போய்ச் சேராத கைப்பேசிகள் இருந்தன.

நாம் செய்ய வேண்டியது

• செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ பகுதிக்குச் சென்று, ஆண்டிராய்டு பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். சில கைப்பேசிகளில் இது வேறு இடத்தில் இருக்கலாம்.

• டேட்டா கவலை இருந்தால், வைஃபை கிடைக்கும் இடத்தில் இரவில் சார்ஜில் போட்டு அப்டேட் செய்யுங்கள்.

• வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பிலிருந்து செயலிகளை இறக்காதீர்கள்.

• தேதி ஓராண்டுக்கு மேல் பழையதாகி, புதிய அப்டேட்டும் வராவிட்டால், அந்தக் கைப்பேசியில் வங்கிச் செயலி வைத்திருப்பதைத் தவிர்ப்பது நல்லது.

வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி வைத்திருக்கும் கைப்பேசிகளையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பிள்ளைகள் கொடுத்த பழைய போன்கள் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கின்றன.