விளையாட்டும் ஆங்கிலமும்

மலர்க்குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் கட்டுரை கேட்டபோது, ஆலய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடைபெறும் இலவச ஆங்கில வகுப்பைப் பற்றியே எழுதுகிறேன் என்றேன். காரணம் உண்டு. வகுப்பு நேரத்தில் மண்டபத்தின் பக்கம் வந்த அன்பர்கள் சிலர், "பிள்ளைகள் தாயக்கட்டை உருட்டிக் கொண்டிருக்கிறார்கள், படிப்பைக் காணோமே!" என்று அங்கலாய்த்தது காதில் விழுந்தது. செயற்குழுக் கூட்டத்திலும் மூத்த உறுப்பினர் ஒருவர், "உபயக்காரர் கொடுத்த பணத்தில் விளையாட்டுச் சாமானா?" என்று நேராகவே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பணம் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து 1973-ஆம் ஆண்டு புகுமுக வகுப்பில் சேர்ந்தவன். அந்நாளில் 'ரிமூவ் கிளாஸ்' என்போம். தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வந்தவர்கள் ஓராண்டு மொழி பழகிக்கொண்ட பிறகே படிவம் ஒன்றுக்குப் போக முடியும். முதல் வாரத்தில் எழுந்து நின்று ஒரு வாக்கியம் வாசித்தேன். 'ஃபேன்' என்பதை 'பேன்' என்றேன். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அதன்பின் அந்த ஆண்டு முடியும் வரை நானாக வாய் திறந்து ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசவில்லை. இலக்கணம் எழுத்தில் வந்தது, பேச்சு வரவில்லை. பின்னர் நானே ஆசிரியனாகி, என்னைப் போலவே வாய் மூடிய பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்தேன். தாயக்கட்டையில் எண் விழாவிட்டால் எந்தப் பிள்ளையும் வெட்கப்படுவதில்லை, அடுத்த முறை உருட்டிப் பார்க்கிறது. பேச்சுக்கும் அந்த இடம் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கிய ஊர் இது. அங்கே அதே ஆண்டு தமிழ் வகுப்பும் தொடங்கியது. ஆங்கிலம் இங்கே புதிய சரக்கன்று. ஆனாலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மலாய், ஆங்கிலம் இரண்டையும் ஒரே ரோமன் எழுத்தில் படிக்கிறது. மலாயில் எழுத்துக்கும் ஒலிக்கும் பெரும்பாலும் பேதமில்லை. ஆங்கிலத்திலோ பேதமே அதிகம். சி, ஏ, டி என்ற மூன்றெழுத்தை மலாயில் 'சாட்' என்று வாசித்தால் வண்ணப் பூச்சு. ஆங்கிலத்தில் 'கேட்', பூனை. சி, ஏ, பி மலாயில் முத்திரை, ஆங்கிலத்தில் தொப்பி. ஏ, ஐ, ஆர் மலாயில் குடிக்கும் தண்ணீர், ஆங்கிலத்தில் சுவாசிக்கும் காற்று. எம், ஏ, ஐ, என் மலாயில் 'மாயின்', அதாவது விளையாடு. ஆங்கிலத்தில் 'மெயின் ரோடு' என்கிறோமே, அந்த மெயின். இவ்வளவு குழப்பத்தையும் ஏழு வயதுப் பிள்ளை தலையில் சுமக்கிறது. தப்பாக வாசித்தால் 'மக்கு' என்கிறோம்.

இதற்கு நாங்கள் செய்தது ஒரு சீட்டு விளையாட்டு. இப்படிப்பட்ட சொற்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு படங்கள் தரையில் பரப்பியிருக்கும். பூனைப் படமும் வண்ணப் பூச்சுத் தகரமும் அருகருகே. ஒருவர் ஒலியைச் சொல்ல, இருவர் போட்டியிட்டுச் சரியான படத்தின்மேல் கை வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மண்டபம் அமளிப்படும். (குருக்கள் ஐயா பொறுத்துக் கொள்கிறார்.) ஆனால் மூன்று வாரத்தில், 'இது எந்த மொழி?' என்று பார்த்துவிட்டு வாசிக்கும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். 'யெஸ்டர்டே ஐ கோ' என்று பிள்ளைகள் சொல்வது தமிழால் வந்த பிழையன்று. மலாயில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது; நம் தமிழில் போனேன், போகிறேன், போவேன் என்று மாறுகிறது. 'ஹீ', 'ஷீ' தடுமாற்றமும் அப்படித்தான். மலாயில் இருபாலுக்கும் 'டியா' ஒன்றே; நமக்கு அவனும் அவளும் உண்டு. முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கச் செய்தால் பிள்ளை தானே திருத்திக் கொள்ளும். ஆங்கிலம் வரவேண்டுமானால் வீட்டில் தமிழை நிறுத்த வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

விளையாட்டாகக் கற்பிப்பது என் கண்டுபிடிப்பு என்று எவரும் எண்ண வேண்டாம். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவில் என். எஸ். பிரபு என்ற அறிஞர் ஒரு பெரிய முயற்சி செய்தார். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளி வகுப்புகள் சிலவற்றில் இலக்கணப் பாடத்தை ஒதுக்கி வைத்தார். வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது, ரயில் நேர அட்டவணை பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கணக்கிடுவது போன்ற பணிகளைக் கொடுத்தார். கருத்து முழுக்கப் பணியில் இருக்கும்போது மொழி தானே உள்ளே இறங்கும் என்பது அவர் கொள்கை. 1987-இல் இதைப் பற்றி அவர் எழுதிய நூலை உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் படிக்கிறார்கள். அவர் இவற்றைப் பணி என்றார், விளையாட்டு என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு அந்தப் பேதம் தெரியாது.

அவர் சொன்னவற்றுள் என் மனத்தில் தைத்தது 'தகவல் இடைவெளி'. ஆசிரியர் பேனாவைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்கிறார். அது பேனா என்று அவருக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். பிறகு எதற்குப் பேச வேண்டும்? ஒருவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாதிருந்தால்தான் பேச்சுக்கு வேலை வரும். அதற்காக ஜார்ஜ் டவுன் வரைபடம் ஒன்றை மணிலா அட்டையில் வரைந்தோம். இரு பிள்ளைகள் முதுகோடு முதுகு சேர்த்து உட்காருவார்கள். ஒருவன் அட்டையில் இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். மற்றவன் அட்டையில் தெருக்கள் மட்டுமே. பீச் ஸ்ட்ரீட்டிலிருந்து சூலியா ஸ்ட்ரீட் வழியாக வந்து, பினாங்கு ஸ்ட்ரீட், கிங் ஸ்ட்ரீட் இரண்டையும் கடந்து, குயின் ஸ்ட்ரீட்டில் வலப்பக்கம் திரும்பினால் 1833-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் மகா மாரியம்மன் கோயிலுக்கு வரலாம். 'ரைட்' என்பதற்குப் பதில் 'லெஃப்ட்' என்று சொல்லிவிட்டால் கூட்டாளியின் விரல் வேறெங்கோ போய் நிற்கும். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வேறு, 1973-இல் நான் கேட்ட சிரிப்பு வேறு.

வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபத சோபான படம் ஆடியவர்கள் நாம். பாம்பும் ஏணியும் வைத்துப் பாவ புண்ணியம் சொல்லிக் கொடுத்த முன்னோரின் பிள்ளைகளுக்கு இந்த முறை அந்நியமா? நம் வகுப்பில் பாம்பின் தலையில் வந்து நிற்பவன் ஒரு பிழையான வாக்கியத்தைத் திருத்திச் சொன்னால் தப்பிக்கலாம். திருத்தத் தவறினால் இறங்க வேண்டியதுதான்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஆட்டம் சூடு பிடித்தால் பிள்ளைகள் தமிழுக்கும் மலாய்க்கும் தாவி விடுகிறார்கள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இல்லாவிட்டால் வெறும் ஆட்டமாகவே முடிந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளையே எப்போதும் வென்றால் மற்றவர் சோர்ந்து போவர்; ஆகவே பகடை போன்ற அதிர்ஷ்டம் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும். ஸ்கிராபிள் நல்ல ஆட்டம்தான், நூறு வில்லைகளில் சொல் கோக்கலாம். ஆனால் அதில் வாக்கியம் வராது, பொருள் தெரியாமலே சொல்லை மனப்பாடம் செய்து வெல்பவர்களும் உண்டு. கைப்பேசியில் கிடைக்கும் ஆங்கில விளையாட்டுகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பெரும்பாலானவற்றில் விரல் பேசுகிறது, வாய் பேசுவதில்லை.

செலவைக் கேட்ட உறுப்பினருக்குக் கணக்கும் காட்டினேன். மணிலா அட்டை, பசை, பகடை, காய்களுக்குப் புளியங்கொட்டை. ஸ்கிராபிள் பெட்டி இரண்டும் அன்பளிப்பாக வந்தவை. எங்களுக்குத் தட்டுப்பாடு ஆள்தான். நான்கு பிள்ளைக்கு ஒருவர் வீதம் கூட உட்கார்ந்து பேச வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே காலந்தள்ளியவர்கள் நம் ஆலயத்துக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும்.

கேள்வி கேட்ட அந்த உறுப்பினர் சென்ற மாதம் வந்தார். ஓரமாக நின்று பார்த்தவரை ஒரு சிறுமி அழைத்து, வெற்று வரைபடத்தைக் கையில் கொடுத்துத் தனக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாள். இந்தப் பெண் மூன்று மாதமாகத் தலையாட்டலைத் தவிர வேறெதுவும் தராதவள். 'அங்கிள், ஸ்டார்ட் ஃப்ரம் பீச் ஸ்ட்ரீட்' என்றாள். அவர் வேண்டுமென்றே தப்பாகத் திரும்பினாரா, உண்மையாகவே தடுமாறினாரா, எனக்குத் தெரியவில்லை. அவள் எட்டிப் பார்த்து, 'நோ, நோ, அங்கிள், கோ பேக்!' என்று மண்டபம் முழுவதும் கேட்கும்படி கத்தினாள்.